முதல் கேக்குக்கு எந்தப் பாத்திரம்?

கேள்வி இது: புதிதாக ஓ.டி.ஜி. என்ற சிறிய மின்சார அடுப்பு வாங்கியிருக்கிறேன். வீட்டில் எளிய கேக் வகைகள் செய்து பழக ஆசை. கடைக்குப் போனால் பூப்போட்ட பீங்கான் தட்டு, கண்ணாடிப் பாத்திரம், பூ வடிவ அச்சு, எனாமல் கிண்ணம் என்று கண்ணைப் பறிக்கும்படி அடுக்கி வைத்திருக்கிறார்கள். எதை வாங்கினால் உண்மையில் பயன்படும்? எது வெறும் அலங்காரம்?

முதலில் வாங்க வேண்டியது அலங்காரமே இல்லாத ஒரு பொருள்: ஏழு அங்குல விட்டமும் மூன்று அங்குல உயரமும் கொண்ட வட்ட அலுமினிய டின். உள்ளே கறுப்புப் பூச்சு வேண்டாம், அடி கழன்று வரும் ஏற்பாடும் வேண்டாம். பாத்திரக் கடைகளில் அடுக்கடுக்காகக் கட்டித் தொங்கவிட்டிருப்பார்களே, அதுதான். கையில் எடுத்துப் பாருங்கள். விளிம்பை அழுத்தினால் நெளியாத கனம் இருந்தால் போதும்.

அழகான பாத்திரங்கள் வீண் என்று நான் நினைக்கவில்லை. எனக்கு அவற்றின் மீது மிகுந்த ஆசை உண்டு. ஆனால் அவற்றில் சில வெப்பத்தை நன்றாகக் கையாளும், சில கையாளாது. அடுப்புக்குள் என்ன நடக்கிறது என்று ஓரளவு தெரிந்துவிட்டால், கடையில் எந்தப் பாத்திரத்தைப் பார்த்தாலும் அதன் இடம் அடுப்பா, மேசையா, சுவர் அலமாரியா என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

கேக் மாவு அடுப்புக்குள் போனதும் அதிலுள்ள காற்றுக் குமிழிகள் விரிகின்றன. அதே நேரத்தில் முட்டையின் புரதம் இறுகுகிறது, மாவுச்சத்து நீரை உறிஞ்சிக் கெட்டியாகிறது. குமிழி விரிந்து முடியும் தறுவாயில் சுற்றியுள்ள மாவு இறுகினால் கேக் பஞ்சு போல் நிற்கும். டின்னின் விளிம்பு எப்போதும் நடுப்பகுதியைவிட முன்பே சூடாவதால் ஓரம் முதலில் இறுகிவிடும், நடுப்பகுதி இன்னும் மேலெழும்பிக்கொண்டிருக்கும். கேக்கின் நடுவில் மேடு தட்டி வெடிப்பு விழுவது இதனால்தான். வெப்பம் எவ்வளவு சீராகப் பரவுகிறதோ அவ்வளவுக்கு மேடு குறையும்.

அலுமினியம் இந்த வேலையில் கெட்டிக்காரப் பொருள். நம் வீடுகளில் நிறைந்திருக்கும் எவர்சில்வரைவிடப் பத்து மடங்குக்கும் மேல் விரைவாக வெப்பத்தைக் கடத்தும். எவர்சில்வர் டப்பாவில் கேக் சுட்டால் ஒரு பக்கம் கருகி மறுபக்கம் வெளுத்துக் கிடக்க வாய்ப்பு அதிகம், அதைத் தவிர்த்துவிடலாம். அலுமினியத்துக்கு இன்னொரு நல்ல குணமும் உண்டு. வெளியே எடுத்ததும் விரைவில் ஆறிவிடும், அதனால் கேக் டின்னுக்குள்ளேயே தொடர்ந்து வெந்து வறண்டு போகாது. கறுப்புப் பூச்சுள்ள நான்-ஸ்டிக் டின்கள் கதிர்வெப்பத்தை அதிகம் உறிஞ்சுவதால் ஓரங்கள் சீக்கிரம் சிவந்து தடிக்கும். ஏற்கெனவே கையில் இருந்தால் 10 முதல் 15 டிகிரி செல்சியஸ் குறைத்து வைத்துப் பயன்படுத்துங்கள். சிலிக்கோன் அச்சு வெப்பத்தை மிக மந்தமாகக் கடத்தும். அதில் சுடும் கேக்கின் ஓரம் நன்றாகப் பொன்னிறமாவது அரிது.

கண்ணாடியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அடுப்பில் வைக்கும் கண்ணாடிப் பாத்திரம் உலகத்துக்கு வந்ததே ஒரு வீட்டுக் கேக்கினால்தான். நியூயார்க் மாநிலத்தின் கார்னிங் நகரில் இருந்த கண்ணாடித் தொழிற்சாலை, ரயில்வே விளக்குகளுக்கும் மின்கல ஜாடிகளுக்கும் வெப்பத்தில் உடையாத கண்ணாடியைச் செய்துகொண்டிருந்தது. அங்கே விஞ்ஞானியாக இருந்த ஜெஸ்ஸி லிட்டில்டனின் மனைவி பெஸ்ஸியின் சமையல் பாத்திரம் ஒன்று அடுப்பில் விரிசல் விட்டுவிட்டது. "உங்கள் ஆலைக் கண்ணாடியில் ஏதாவது கொண்டுவாருங்கள்" என்று அவர் கேட்க, கணவர் மின்கல ஜாடிகளின் அடிப்பகுதியை அறுத்து எடுத்து வந்தார். 1913-இல் பெஸ்ஸி அதில் ஒரு ஸ்பாஞ்ச் கேக் சுட்டார். கேக் சீராக வெந்தது, ஒட்டாமல் வந்தது, அடிப்பக்கம் சிவந்துவிட்டதா என்று வெளியிலிருந்தே பார்க்கவும் முடிந்தது. மறுநாள் அந்தக் கேக் ஆலைக்குப் போனது. 1915-இல் பைரெக்ஸ் என்ற பெயரில் அந்தப் பாத்திரங்கள் கடைக்கு வந்தன. ஒரு தொழிற்சாலையின் போக்கையே ஒரு வீட்டுச் சமையலறைச் சோதனை மாற்றியது என்பது எனக்கு இன்றும் மகிழ்ச்சி தரும் செய்தி.

ஆனால் உங்கள் முதல் கேக்குக்குக் கண்ணாடி வேண்டாம். அது சூடேற நேரம் எடுக்கும், சூடேறியபின் எளிதில் ஆறாது. பஞ்சு போன்ற கேக்கின் நடு வேகும்முன் ஓரம் முற்றிவிடும். பிரெட் புட்டிங், ஆப்பிளோ அன்னாசியோ அடியில் பரப்பி மேலே வெண்ணெய் மாவு தூவிச் சுடும் க்ரம்பிள், சீஸ் போட்ட பாஸ்தா போன்றவற்றுக்குக் கண்ணாடி மிகப் பொருத்தம். அடுப்பிலிருந்து நேரே மேசைக்குப் போகலாம், சூடும் நெடுநேரம் நிற்கும். போரோசிலிகேட் கண்ணாடி என்று அட்டையில் அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அதுவும் எல்லாத் திடீர் வெப்ப மாற்றத்தையும் தாங்காது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துச் சூடான அடுப்புக்குள் வைப்பதும், சூடான பாத்திரத்தை ஈரமான கிரானைட் மேடையில் வைப்பதும் ஆபத்து. மரப்பலகை அல்லது மடித்த துணியின் மேல் வையுங்கள்.

அடுத்தது அளவு. புதிதாகத் தொடங்குபவர்களின் கேக் தட்டையாகப் போவதற்கும், பொங்கி வழிவதற்கும் பெரும்பாலும் காரணம் இதுதான், மாவில் குற்றம் இருக்காது. டின்னின் விட்டத்தில் ஓர் அங்குலம்தானே வித்தியாசம் என்று தோன்றும். பரப்பைக் கணக்கிட்டால்தான் தெரியும்: ஆறு அங்குல வட்ட டின்னின் அடிப்பரப்பு 28 சதுர அங்குலம், ஏழு அங்குலத்துக்கு 38, எட்டு அங்குலத்துக்கு 50. எட்டு அங்குலச் சதுர டின் 64 சதுர அங்குலம், ஏறக்குறைய ஒன்பது அங்குல வட்ட டின்னுக்குச் சமம். எட்டு அங்குலம் என்று எழுதியிருக்கும் குறிப்பை, அது வட்டமா சதுரமா என்று பாராமல் செய்தால் கேக்கின் உயரம் கால் பங்கு மாறிவிடும். நான் கீழே சொல்லப்போகும் கேக்குக்கு ஒரு சுலபமான கணக்கு: இரண்டு முட்டைக்கு ஆறு அங்குலம், மூன்று முட்டைக்கு ஏழு, நான்கு முட்டைக்கு எட்டு. டின் எதுவானாலும் மாவு மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஏறக் கூடாது.

அந்தக் கேக் இதுதான். பிரான்ஸின் பிரிட்டனி நாட்டுப்புறத்தில் நான்கு கால்பங்குக் கேக் என்று சொல்லும் முறை; ஆங்கிலேயர்களின் பவுண்டு கேக்கும் இதே குடும்பம். ஓடு நீக்கிய மூன்று முட்டைகளை நிறுத்துப் பாருங்கள், ஏறக்குறைய 150 கிராம் இருக்கும். வெண்ணெய், சர்க்கரை, மைதா மூன்றும் அதே எடை. ஒரு டீஸ்பூன் பேக்கிங் பவுடர், ஒரு சிட்டிகை உப்பு, வெனிலா அல்லது ஏலக்காய். மாவு இறுக்கமாக இருந்தால் இரண்டு மேசைக்கரண்டி பால். உப்பிட்ட வெண்ணெய் என்றால் தனியாக உப்பு வேண்டாம். கப் அளவை நம்பாதீர்கள். ஒரே கப்பில் மைதாவை அழுத்தி அள்ளினால் ஓர் எடை, தூவி நிரப்பினால் வேறோர் எடை. ஒரு கிராம் வரை காட்டும் சிறிய மின்னணுத் தராசு, எந்த அழகான அச்சையும்விட உங்கள் கேக்கை நல்லதாக்கும். அலுமினிய டின்னுக்கு அடுத்து அதைத்தான் வாங்கச் சொல்வேன்.

வெண்ணெயையும் சர்க்கரையையும் சேர்த்து வெளுக்கும்வரை அடிக்கும் கட்டம்தான் இந்தக் கேக்கின் உயிர். சர்க்கரைத் துகள்கள் வெண்ணெய்க்குள் காற்றைப் புகுத்துகின்றன. பேக்கிங் பவுடர் புதிய குமிழிகளை உண்டாக்குவதில்லை, ஏற்கெனவே இருக்கும் குமிழிகளைப் பெரிதாக்கத்தான் செய்கிறது. இங்கே நம் ஊர் வெயிலை நினைவில் வைக்க வேண்டும். வெளிநாட்டுக் குறிப்புகள் வெண்ணெயை "அறை வெப்பத்தில்" வைக்கச் சொல்லும். அவர்களுடைய அறை 20 டிகிரி. மே மாதச் சென்னையில் அறை 35 டிகிரி. அதில் வெண்ணெய் எண்ணெயாக உருகி நிற்கும், காற்றைப் பிடித்துவைக்காது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துத் துண்டுகளாக்கிப் பத்து நிமிடம் வைத்தால் போதும். விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், ஆனால் பளபளப்பு வரக் கூடாது. அடிக்கும்போது இளகிவிட்டால் கிண்ணத்தோடு ஐந்து நிமிடம் மறுபடியும் குளிரில் வையுங்கள்.

பிறகு முட்டைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து அடியுங்கள். திரிந்தது போல் ஆனால் ஒரு கரண்டி மைதாவைத் தூவுங்கள், சேர்ந்துவிடும். மீதி மைதாவைப் பேக்கிங் பவுடருடன் சலித்துப் போட்டு, வெள்ளைத் தடம் மறையும்வரை மட்டும் கரண்டியால் மெதுவாகப் புரட்டுங்கள். ஓ.டி.ஜி.யின் மேல், கீழ் கம்பிகள் இரண்டையும் போட்டு 170 டிகிரியில் பதினைந்து நிமிடம் முன்கூட்டியே சூடேற்றுங்கள். டின்னின் அடியில் பட்டர் பேப்பர் போட்டு நடுத்தட்டில் வையுங்கள். சுற்றிலும் காற்று ஓட இடம் இருக்க வேண்டும். முதல் 25 நிமிடம் கதவைத் திறக்க வேண்டாம். 40 நிமிடம் நெருங்கும்போது நடுவில் ஓர் ஈர்க்குச்சியைக் குத்திப் பாருங்கள். ஈர மாவு ஒட்டாமல் வந்தால் எடுத்துவிடலாம். மேலே மட்டும் முன்னதாகக் கறுக்கிறது என்றால் உங்கள் அடுப்பின் திருகு காட்டும் எண்ணும் உள்ளே இருக்கும் சூடும் ஒன்றல்ல என்று பொருள். ஓ.டி.ஜி.களில் இது மிகச் சாதாரணம். உள்ளே தொங்கவிடும் சிறு வெப்பமானி ஒன்று வைத்துக்கொண்டால் அடுப்பின் குணம் உங்களுக்குப் பிடிபட்டுவிடும்.

காகிதம் என்றதும் இலங்கையின் லவ் கேக்கைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ரவை, முந்திரி, பூசணி தோசி (சர்க்கரைப் பாகில் பதப்படுத்திய பூசணி), ரோஜாப் பன்னீர், வாசனைப் பொருள்கள் சேர்த்து நிதானமான சூட்டில் நெடுநேரம் சுடும் கேக் அது. அதைச் செய்பவர்கள் டின்னுக்குள் பல அடுக்குக் காகிதம் போடுவார்கள். ஒட்டாமல் இருப்பதற்கு ஓர் அடுக்கே போதுமே! மற்ற அடுக்குகள் வெப்பத்தைத் தடுத்து ஓரங்களை மென்மையாக வைக்கின்றன. புதுச்சேரிக் குடும்பங்கள் கிறிஸ்துமஸுக்குச் செய்யும் விவிக்கம் போன்ற பழம் நிறைந்த ரவைக் கேக்குக்கும் இந்த உத்தி உதவும். டின் மெல்லியதாகப் போய்விட்டதே என்று கவலைப்பட வேண்டாம். இரண்டு அடுக்குப் பழுப்புக் காகிதம் அதைக் கனமாக்கிவிடும்.

இப்போது அந்தப் பூ வடிவ அச்சுக்கு வருகிறேன். நடுவில் குழாய் வைத்து, சுற்றிலும் வரிவரியாக மடிப்புகள் உள்ள அச்சு. அது அழகுக்காக மட்டும் வந்ததன்று. ஐரோப்பாவில் ஈஸ்ட் சேர்த்து உப்பவைக்கும் கனமான குகல்ஹோப் என்ற கேக்கின் நடுப்பகுதி வேகாமல் நின்றுவிடும் என்பதற்கு ஏற்பட்ட தீர்வு அந்தக் குழாய். வெப்பம் வெளியிலிருந்தும் நடுவிலிருந்தும் சேர்ந்து வருகிறது. பிரான்ஸின் அல்சாஸ் பகுதியில் உள்ள சூஃப்லென்ஹைம் ஊர்க் குயவர்கள் அதை இன்றும் மண்ணில் வனைந்து, பூக்கள் தீட்டிச் சுடுகிறார்கள். அமெரிக்காவுக்கு அது வேறு உருவில் போனது. மினியாபொலிஸ் நகரின் ஹடாசா யூத மகளிர் அமைப்பைச் சேர்ந்த பெண்கள், தங்கள் தாய்நாட்டு அச்சைப் போல ஒன்று வேண்டும் என்று நார்டிக் வேர் நிறுவனத்தின் டேவிட் டால்குவிஸ்டிடம் கேட்டார்கள். அவர் 1950-இல் வார்ப்பு அலுமினியத்தில் செய்து கொடுத்தார். பண்ட் என்ற பெயரும் அப்போது வந்ததுதான். ஆண்டுகள் பலவற்றுக்கு அது அதிகம் விற்கவில்லை. 1966-இல் பில்ஸ்பரி நிறுவனம் நடத்திய தேசியப் போட்டியில் எலா ஹெல்ஃப்ரிச் என்ற பெண் அந்த அச்சில் சுட்ட, உள்ளே சாக்லேட் இளகி நிற்கும் கேக் இரண்டாம் பரிசு பெற்றது. அதன்பிறகு கடைகளால் அச்சுகளைக் கொடுத்து மாளவில்லை.

ஆகவே அழகான அச்சு ஒன்றே ஒன்று வாங்குவதானால் இதை வாங்குங்கள், தயங்க வேண்டாம். தகட்டை அழுத்திச் செய்த மெல்லிய அச்சை விட்டுவிட்டு, வார்ப்பு அலுமினியத்தைத் தேடுங்கள். பெரிய அச்சு பத்து, பன்னிரண்டு கப் கொள்ளும்; மூன்று முட்டைக் கேக் அதன் அடியில் பதுங்கிவிடும். ஆறு கப் அச்சு உங்களுக்குச் சரி. உருக்கிய வெண்ணெயைத் தூரிகையால் ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் தடவி, மைதா தூவி, அதிகப்படியைத் தட்டிவிடுங்கள். மாவை ஊற்றும் சற்று முன்பு தடவினால்தான் பலன். முன்கூட்டியே தடவி வைத்தால் வெண்ணெய் வழிந்து அடியில் தேங்கிவிடும். சுட்டபின் பத்து நிமிடம் ஆறவிட்டுக் கவிழுங்கள். சூட்டோடு கவிழ்த்தால் கேக் பிய்ந்துவிடும், முழுக்க ஆறிய பிறகு கவிழ்த்தால் பிடித்துக்கொண்டு வராது.

பீங்கான் கிண்ணங்களுக்கு வேறு வேலை இருக்கிறது. மாவு அடிக்கக் கனமான கிண்ணம் வேண்டும். இலேசான எவர்சில்வர் கிண்ணம் மேடையில் சுழன்று ஓடும். இங்கிலாந்தின் பழைய வெளிர்பழுப்புக் கலவைக் கிண்ணங்களில் வெளிப்புறம் புடைப்பாக வைரக் கட்டங்கள் இருக்கும். மாவு படிந்த கை வழுக்காமல் பிடிக்க உதவும் வேலைப்பாடு அது. கனமான பீங்கானில் குளிர்ச்சியும் தங்கும், வெண்ணெய் இளகுவது குறையும். அருகிலேயே கிடைக்க வேண்டுமென்றால் புதுச்சேரியைச் சொல்வேன். ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971-இல் அங்கே தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் மட்பாண்டக் கூடத்தின் வழியாக ஒரு தலைமுறைக் கலைஞர்கள் உருவாகி, அந்த வட்டாரம் உயர்வெப்பத்தில் சுட்டுக் கல்போல் இறுகும் ஸ்டோன்வேர் பாண்டங்களுக்குப் பெயர் பெற்றுவிட்டது. அந்தக் கிண்ணங்களின் மங்கலான பச்சையும் துருச் சிவப்பும் மேசையில் வைத்தால் பார்த்துக்கொண்டே இருக்கலாம். அடுப்பில் வைக்கலாமா என்பதை மட்டும் செய்தவரிடமே கேளுங்கள். வைக்கலாம் என்றால், ஆறிய அடுப்பில் வைத்துப் பிறகு சூடேற்றுவது நல்லது. எங்கே செய்தது என்று தெரியாத, உள்புறம் பளிச்சென்ற வண்ணம் தீட்டிய மலிவுப் பீங்கானில் புளிப்பான எதையும் வைக்காதீர்கள். மெருகில் ஈயம் இருக்கக்கூடும்.

எனாமலுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில், செட்டிநாட்டு வீடுகளுக்காகக் கப்பலேறி வந்த எனாமல் தூக்குகளும் அடுக்குகளும் இன்றும் கிடைக்கின்றன. நீலமும் பச்சையும் மஞ்சளும் அப்படியே ஒளிர்கின்றன. வாங்குங்கள், கூடத்தில் வையுங்கள், அலமாரியில் அடுக்குங்கள். பழைய வண்ண எனாமலில் ஈயமோ காட்மியமோ கலந்திருக்க வாய்ப்புள்ளதால் அதில் சமைக்க வேண்டாம். புதிதாகச் செய்யும் வெள்ளை எனாமல் தட்டுகள் வேறு சங்கதி. உள்ளே இரும்பு, மேலே கண்ணாடிப் பூச்சு என்பதால் அடுப்பில் நன்றாகச் சூடேறும். நீல விளிம்பு வைத்த நீள்சதுரத் தட்டு பை, பிரெட் புட்டிங் எதற்கும் உதவும். உள்புறப் பூச்சு தெறித்துவிட்டால் துரு ஏறும், அப்போது கழித்துவிட வேண்டும்.

கடைசியாக, செலவே இல்லாத ஒன்று. 1883-இல் தலச்சேரியில் மம்பள்ளி பாப்பு கேரளத்தின் புகழ்பெற்ற கிறிஸ்துமஸ் கேக்கைச் செய்தபோது, இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு கேக்கைக் காட்டி இதுபோல் செய்யச் சொன்னாராம் மர்டாக் பிரவுன் என்ற தோட்ட முதலாளி. பாப்பு உள்ளூர்க் கொல்லரிடம் அச்சைச் செய்துகொண்டு, பிராந்திக்குப் பதிலாக உள்ளூரில் காய்ச்சிய சாராயத்தைச் சேர்த்து முடித்தார் என்று அந்த ஊரில் சொல்கிறார்கள். கையில் இருப்பதைக் கொண்டு செய்யும் அந்தத் துணிவோடு உங்கள் பணியாரக் கல்லைப் பாருங்கள். டென்மார்க்கில் ஏறக்குறைய இதே குழிக்கல்லில்தான் ஏப்ளஸ்கீவர் என்ற உருண்டைக் கேக் செய்கிறார்கள்.

நன்கு பழுத்த பூவன் பழம் இரண்டை மசித்து, ஒரு முட்டை, 60 கிராம் சர்க்கரை, 40 கிராம் உருக்கிய வெண்ணெய், இரண்டு மேசைக்கரண்டி தயிர் சேர்த்துக் கலக்குங்கள். 100 கிராம் மைதாவில் கால் டீஸ்பூன் சமையல் சோடாவும் ஏலக்காய்ப் பொடியும் கலந்து சலித்து அதில் புரட்டுங்கள். பழகிய இரும்புக் கல்லை இளஞ்சூட்டில் காயவைத்து, குழிக்குக் கால் டீஸ்பூன் நெய் விட்டு, முக்கால் குழி மாவு ஊற்றி மூடுங்கள். தீ மிகக் குறைவாகவே இருக்கட்டும், பழச் சர்க்கரை எளிதில் கருகும். நான்கைந்து நிமிடத்தில் ஓரம் விடுபட்டதும் கம்பியால் திருப்பிவிட்டு இன்னும் இரண்டு நிமிடம் வையுங்கள். ஓ.டி.ஜி.யின் குணம் பிடிபடும்வரை மாலைத் தேநீருக்கு இதைச் செய்துகொண்டிருக்கலாம்.